ஒரே மைக், ஒரே வேன்: புளூகிராஸ் குழுக்களின் ரோட்டு வாழ்க்கையும் ஸ்டுடியோவும்

#1 நெடுஞ்சாலைநரி

போன மாதம் தென்மேற்கு வர்ஜீனியாவில் ஒரு சின்ன ஊர் அரங்கத்தில் புளூகிராஸ் (அமெரிக்க மலைநாட்டுத் தந்திக்கருவி இசை) குழு ஒன்றைக் கேட்டேன். ஐந்து பேர், மேடை நடுவில் ஒரே ஒரு மைக். பாஞ்சோ, மாண்டலின், ஃபிடில், கிடார், ஆளுயர பாஸ். டிரம்ஸ் கிடையாது. இரண்டு மணி நேரமும் நாற்காலி நுனியில்தான் இருந்தேன். இடைவேளையில் அவர்கள் மேஜையிலேயே சிடி வாங்கி, வீட்டுக்கு வந்து போட்டுக் கேட்டால் சப்பென்று இருக்கிறது. அதே ஆட்கள், அதே பாட்டு. சுருதி பிசகவில்லை, ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. ஆனால் அன்றைக்கு இருந்த எதுவோ இதில் இல்லை. ஏன்?

இன்னொன்று. கச்சேரி முடிந்து வெளியே வந்தால், அதுவரை பாடிய மனுஷரே பாஸைத் தூக்கி வேனில் ஏற்றிக்கொண்டிருக்கிறார். மறுநாள் மதியம் ஓஹையோவில் நிகழ்ச்சியாம். ராத்திரியே கிளம்புகிறார்கள். இது எப்படிக் கட்டுப்படியாகிறது? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

#2 ஒலிமேடை

கிழக்கு டென்னசியில் ஸ்டுடியோ வேலை பார்க்கிறேன். முதல் கேள்விக்கு மட்டும் சொல்றேன்.

அந்த சிடி எப்படிப் பதிவாகியிருக்கும்னு ஓரளவு ஊகிக்கலாம். ஆளுக்கு ஒரு கண்ணாடி அறை, ஆளுக்கு ஒரு ஹெட்போன், காதுக்குள்ள டிக் டிக்னு தாளம் சொல்ற கிளிக் டிராக். பாஞ்சோ சத்தமான கருவி. எல்லாரும் ஒரே அறையில் வாசிச்சா ஃபிடில் மைக்கிலயும் பாடறவர் மைக்கிலயும் அது போய் உட்கார்ந்துக்கும். அப்புறம் ஃபிடில்காரர் ஒரு இடத்தில் பிசகினா அதை மட்டும் வெட்டி மறுபடி வாசிக்க வைக்க முடியாது. வெட்டின இடத்தில் பாஞ்சோவும் சேர்ந்து போயிடும். தனித்தனியா பதிவு பண்ணினா எதையும் திருத்தலாம். திருத்த முடியும்னு தெரிஞ்சப்புறம் திருத்தாம விட்டவங்களை நான் பார்த்ததில்லை.

இந்த இசையில் தாளத்துக்குன்னு தனி ஆள் இல்லை, அதை கவனிங்க. ஐந்து பேரும் பங்கு போட்டுத்தான் தூக்கறாங்க. பாஸ் ஒன்றிலும் மூன்றிலும் விழும். மாண்டலின் இரண்டிலும் நாலிலும் தந்தியை அழுத்தி, ஒலி நீளாம சட்டுன்னு வெட்டும். ஸ்நேர் டிரம் வேலை அதுக்குத்தான். பாஞ்சோ எப்பவும் ஒரு மயிரிழை முந்தி ஓடும், பாஸ் பிடிச்சு நிறுத்தும். அந்த இழுபறிதான் உங்களை நாற்காலி நுனிக்குக் கொண்டுவந்தது. கிளிக் வந்துட்டா யாரும் யாரையும் இழுக்க வேண்டாம், பிடிக்கவும் வேண்டாம். எல்லாரும் மெஷினுக்குப் பின்னாடி நடக்கறாங்க.

#3 பழையவானொலி

ஒலிமேடை சொன்னதற்கு ஒரு முன்கதை இருக்கிறது. நரி கேட்ட இரண்டு கேள்வியும் உண்மையில் ஒன்றுதான் என்பது என் கட்சி. இந்த இசை எப்படி ஒலிக்க வேண்டும் என்பதைத் தீர்மானித்ததில் வண்டிக்கும் மைக்குக்கும் ஸ்டுடியோ கடிகாரத்துக்கும் பெரிய பங்கு உண்டு.

புளூகிராஸின் தந்தை எனப்படும் மாண்டலின் கலைஞர் பில் மன்றோ 1939 அக்டோபரில் நாஷ்வில்லின் கிராண்ட் ஓல் ஆப்ரி நிகழ்ச்சியில் சேர்ந்தார். அதை ஒலிபரப்பியது டபிள்யூஎஸ்எம் வானொலி, 50,000 வாட். இரவு நேரத்தில் பல மாநிலங்களுக்குக் கேட்கும். அந்த நிகழ்ச்சியில் இருப்பவர் சனிக்கிழமை இரவு நாஷ்வில்லில் இருந்தாக வேண்டும். வாரத்தின் மற்ற நாட்களில் எங்கே போய்ச் சம்பாதித்தாலும் சனிக்கிழமைக்குள் திரும்பி ஓடி வர வேண்டும், பிறகு மறுபடி கிளம்ப வேண்டும். இன்று இருக்கிற விரைவு நெடுஞ்சாலைகள் பெரும்பாலும் அப்போது கிடையாது, குறுகிய சாலைகளும் மலைப்பாதைகளும்தான். 1941 மாடல் செவ்ரோலே கார் ஒன்றை விமான நிலைய வண்டி மாதிரி நீட்டி வைத்திருந்தார்கள். அதற்குள் மொத்தக் குழுவும், கருவிகளும், உடுப்புகளும். பெரிய இசைக்குழுவை வைத்துக்கொள்ள வண்டியிலேயே இடம் கிடையாது.

1940களில் மன்றோ சொந்தமாகக் கூடாரம் வைத்து ஊர் ஊராகப் போனார். கூடவே ஒரு பேஸ்பால் அணி. குழுவுக்குள் இருக்கிறவர்களே ஆடுவார்கள். மதியம் உள்ளூர் அணியோடு ஆட்டம், மாலையில் கூடாரத்தில் பாட்டு. ஸ்ட்ரிங்பீன் என்று பெயர் பெற்ற டேவிட் ஏக்மன் அவரிடம் பாஞ்சோ வாசித்தார், பந்தும் வீசினார். ஆள் எடுக்கும்போது பந்து வீசத் தெரியுமா என்று பார்ப்பது நம் காலத்துக்குச் சிரிப்பாக இருக்கும். அன்றைக்கு அது வசூல் கணக்கு.

1945 டிசம்பரில் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் வந்து சேர்ந்தார், மூன்று விரல் பாஞ்சோவோடு. கிடாரில் லெஸ்டர் ஃபிளாட், ஃபிடிலில் சபி வைஸ், பாஸில் ஹவர்ட் வாட்ஸ். இந்த ஐவரும் 1946 செப்டம்பரில் சிகாகோவில் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பதிவு செய்தவைதான் இன்றுவரை அளவுகோல். அதற்கு முன்பே மாதக்கணக்கில் இரவு பகலாக அதே வண்டியில், அதே மேடைகளில் இருந்தவர்கள் அவர்கள். ஸ்டுடியோவுக்கு வந்து ஒத்திகை பார்க்க வேண்டிய நிலை இல்லை.

அந்தக் காலத்து ஸ்டுடியோ வழக்கமும் முக்கியம். ஒரு அமர்வு மூன்று மணி நேரம், அதற்குள் நாலு பாட்டு. ஒற்றைத் தடம். வெட்டி ஒட்ட வழியில்லை. பிசகினால் முதலிலிருந்து வாசிக்க வேண்டும், அல்லது பிசகை அப்படியே விட வேண்டும். ஃபிளாட்டும் ஸ்க்ரக்ஸும் பிரிந்து போய்த் தனிக்குழு வைத்த பிறகு 1949 டிசம்பர் 11 அன்று சின்சினாட்டியில் ‘ஃபாகி மவுண்டன் பிரேக்டவுன்’ என்ற பாஞ்சோ உருப்படியைப் பதிவு செய்தார்கள். 1967-ல் ‘பானி அண்ட் கிளைட்’ என்ற வங்கிக் கொள்ளையர் படத்தில் கார் துரத்தலுக்கு ஓடியதே, அதுதான். அதில் ஸ்க்ரக்ஸ் ஈ மைனர் கார்டுக்குப் போகும்போது பின்னால் ஃபிளாட் ஈ மேஜர் அடிப்பார். இரண்டும் மோதும். இன்றைக்கு எந்த ஒலிப்பதிவாளரும் அதை வெளியே விட மாட்டார். ஆனால் அந்த மோதல் இல்லாமல் யாராவது வாசித்தால் எனக்கு உப்பு குறைந்த மாதிரி இருக்கிறது.

#4 சந்தேகி

> வண்டிக்கும் மைக்குக்கும் ஸ்டுடியோ கடிகாரத்துக்கும் பெரிய பங்கு உண்டு

ஐயா, எழுத்து அருமை. ஆனால் கஷ்டப்பட்டதால்தான் கலை வந்தது என்கிற வாடை அடிக்கிறதே, அது எனக்கு ஒத்து வராது.

அந்த ஐவர் அணி எவ்வளவு நாள் தாங்கியது? 1948-ல் ஸ்க்ரக்ஸும் ஃபிளாட்டும் அடுத்தடுத்து வெளியேறினார்கள். தூக்கமில்லாத பயணமும் கூலியும்தான் பெரிய காரணம். மன்றோ அதை வெகுகாலம் மன்னிக்கவில்லை. ஃபிளாட்டும் அவரும் பேசிக்கொள்ளாமல் இருபது வருடத்துக்கு மேல் ஓட்டி, 1971-ல்தான் கைகுலுக்கினார்கள். மன்றோவின் குழுவில் மொத்தமாக நூற்றைம்பது பேருக்கு மேல் வந்து போனார்கள். அதைப் பல்கலைக்கழகம் என்று பெருமையாகச் சொல்வார்கள். இவ்வளவு பேர் ஏன் விட்டுப்போனார்கள் என்றும் யாராவது கேட்கலாம். கச்சேரி இல்லாத நாட்களில் குழுவில் இருந்தவர்கள் அவர் பண்ணையில் வேலி போட்டார்கள், வைக்கோல் கட்டினார்கள். இதை அந்தக் குழுவில் இருந்தவர்களே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார்கள். சிரிப்பது அவர்கள் பெருந்தன்மை.

உயிரும் போயிருக்கிறது. கிளாரன்ஸ் ஒயிட், கிடாரில் அவர் செய்ததை இன்றும் எல்லாரும் நகல் எடுக்கிறார்கள். 1973 ஜூலையில் கலிபோர்னியாவின் பாம்டேலில் நிகழ்ச்சி முடிந்து சாமான் ஏற்றிக்கொண்டிருந்தபோது குடித்துவிட்டு ஓட்டி வந்தவர் மோதி இறந்தார். வயது 29.

#5 பழையவானொலி

கஷ்டம்தான் கலையைத் தந்தது என்று நான் சொல்லவில்லை. எந்தக் கட்டுப்பாட்டுக்குள் செய்தார்கள் என்பது அதன் வடிவத்தில் தெரிகிறது என்றேன், அவ்வளவே. பிரிந்து போனவர்களின் வாழ்க்கையும் சுகமாக மாறிவிடவில்லை. ஃபிளாட்–ஸ்க்ரக்ஸ் குழுவை 1953 முதல் மார்த்தா ஒயிட் மாவு நிறுவனம் தாங்கியது. அதற்காக டபிள்யூஎஸ்எம்மில் காலை 5:45-க்கு நிகழ்ச்சி. பின்னால் தொலைக்காட்சி வந்தபோது வீடியோ டேப் பரவலாகாத காலம். ஒவ்வொரு ஊர் நிலையத்துக்கும் வாராவாரம் நேரில் போய்த்தான் நேரலையில் பாட வேண்டும். ஒரு சுற்று முடிந்தால் அடுத்த சுற்று.

ஸ்டான்லி சகோதரர்கள் என்ற இன்னொரு புளூகிராஸ் குழுவின் பக்கம் பாருங்கள். 1946 டிசம்பரில் டென்னசி–வர்ஜீனியா எல்லையில் உள்ள பிரிஸ்டலில் டபிள்யூசிஒய்பி வானொலியில் மதிய நிகழ்ச்சி. வானொலியில் கிடைத்த காசு பெரிதல்ல. இந்தத் தேதியில் இந்தப் பள்ளிக்கூடத்தில் பாடுகிறோம் என்று அறிவித்துக்கொள்ள முடிந்ததே, அதுதான் வருமானம். நிலையத்தின் ஒலி எட்டுகிற வட்டாரத்தில் உள்ள பள்ளிகளை எல்லாம் ஒரு சுற்று பாடி முடித்த பிறகு கூட்டம் குறையும். அப்போது மூட்டை கட்டி வேறு ஊர் வானொலிக்குப் போவார்கள். அந்தக் காலத்துக் குழுக்கள் பலவும் இப்படித்தான் வீடு மாறிக்கொண்டே இருந்தன.

#6 வில்லும்வேனும்

எல்லாரும் பழங்கதையே பேசறீங்களே, இப்போ நடக்கறதை நான் சொல்றேன். வட கரோலைனாவில் இருக்கேன். வார நாளில் ஆய்வக வேலை, வார இறுதியில் ஃபிடில். சின்ன வயசில் கர்நாடக வயலின். கல்லூரிக்கு வந்தப்புறம் இந்தப் பக்கம் வழி தவறினேன். எங்க குழுவில் யாருக்கும் இது முழுநேரம் இல்லை.

வேனில் முதலில் ஏறுவது பாஸ். அதோட கழுத்து முன்சீட் ரெண்டுக்கும் நடுவில் வரணும், தலைச்சுருள் டிரைவர் முழங்கை பக்கத்தில். அதுக்கு அப்புறம்தான் மத்ததுக்கு இடம். நடு வரிசையில் உட்கார்றவர் ஒரு கையை பாஸ் மேல போட்டுக்கிட்டேதான் வரணும், வேற வழியில்லை. கடைசியா ஏறுவது டி-ஷர்ட் பெட்டி, ஏன்னா இறங்கினதும் முதலில் வேணும். ராத்திரி மோட்டலில் எந்தக் கருவியையும் வண்டியில் விட மாட்டோம். திருட்டு பயம் பாதி. மீதி வெயில்: பழைய கருவிகளில் மரத்தை ஒட்டியிருப்பது தோல் பசை, ஆகஸ்ட் மாதம் பூட்டின வண்டிக்குள்ள அது இளகிடும். அதனால ரெண்டு கட்டிலுக்கு நடுவில் பாஸ் படுத்திருக்கும், பாத்ரூம் போறவங்க தாண்டித்தான் போகணும்.

ராத்திரி வண்டிக்கு எங்களுக்குள்ள ஒரு சட்டம். ஓட்டறவர் பக்கத்தில் உட்கார்றவர் தூங்கக் கூடாது. பாட்டு போடக் கூடாது, பேசிக்கிட்டே வரணும். பாட்டு போட்டா ஓட்டறவர் அதில் குறை கண்டுபிடிக்க ஆரம்பிச்சுடுவார். இது ஆபத்துன்னு அனுபவத்தில் தெரிஞ்சுது.

நரி, அந்த ஒற்றை மைக் பற்றி. அது பார்க்க அழகா இருக்குன்னு வச்சிருக்கலை, ஒரு வேலைமுறை அது. பாஸ் பின்னால நிற்கும், கிடார் பாடகர் பக்கத்தில். யார் தனியா வாசிக்கணுமோ அவர் உள்ளே வருவார், முந்தினவர் வெளியே போவார், கும்மியில் உள்ளேயும் வெளியேயும் போற மாதிரி. ஃபிடில்காரிக்கு வில் கை வலது பக்கம் நீளும், அதனால நான் எந்தப் பக்கமிருந்து நுழையறேன்கறது முன்கூட்டியே முடிவு. இல்லைன்னா மாண்டலின்காரர் தொப்பி பறக்கும். பறந்திருக்கு. மூணு குரல் சேரும்போது தலைகள் ஒட்டிக்கும். அப்போ பக்கத்து ஆள் மூச்சு விடறது தெரியும், எங்க நிறுத்தப் போறார்னு சொல்லாமலே தெரியும். ஒலி அளவை மேடையில் நாங்களே முடிவு பண்றோம், ரெண்டு அடி முன்னால ரெண்டு அடி பின்னால போய். கண்ணாடி அறைக்குள்ள இதெல்லாம் போயிடுது.

சுருதி இன்னொரு ரோதனை. மலை ஊர்களில் செப்டம்பர் சாயங்காலம், வெயில் இறங்கினதும் இரும்புத் தந்தி சுருங்கி சுருதி ஏறும். பாஞ்சோ சாதாரணமா ஜி சுருதியில் கட்டியிருக்கும். பாடறவர் பி-யில் பாடணும்னா நாலாவது ஃபிரெட்டில் (கழுத்தில் குறுக்கே இருக்கற கம்பி) கேப்போ, அதாவது தந்திகளைச் சேர்த்து அழுத்திப் பிடிக்கற கிளிப். ஆனா ஐந்தாவது தந்தி சின்னது, பாதி வழியில்தான் தொடங்கும், கேப்போ அதைப் பிடிக்காது. அதுக்காக ஒன்பதாவது ஃபிரெட் பக்கத்தில் ஒரு குட்டி ஆணி. பொம்மை ரயில் தண்டவாளத்துக்கு அடிக்கற ஆணிதான், நிஜமாவே அதைத்தான் வாங்கி அடிப்பாங்க. தந்தியை அதுக்குக் கீழே மாட்டி, மறுபடி சுருதி பார்த்து, இதெல்லாம் முடியற வரைக்கும் கிடார்காரர் ஜோக் சொல்லணும். புளூகிராஸ் மேடையில் இவ்வளவு ஜோக் ஏன்னு யாராவது கேட்டா இதுதான் பதில். எங்களோடது வருஷக்கணக்கா அதே ஜோக். வேனில் யாராவது அதை ஆரம்பிச்சா இறக்கி விட்டுடுவோம்.

#7 நெடுஞ்சாலைநரி

அக்கா, பிரமாதம். பெண்ணாக இந்த வேன் வாழ்க்கை எப்படி? கேட்கலாமா?

#8 வில்லும்வேனும்

கேட்கலாம். எங்க குழுவில் பிரச்சினை இல்லை. வெளியில்தான். ஒரு ஊரில் நிகழ்ச்சி நடத்தினவர் மழை வந்ததால் கூட்டம் குறைஞ்சதுன்னு பேசின தொகையில் பாதியைத்தான் கொடுத்தார். கணக்கு கேட்கப் போனது நான். அவர் எனக்குப் பின்னால நின்ன பாஞ்சோக்காரர் முகத்தைப் பார்த்தே பதில் சொன்னார். வேடிக்கை என்னன்னா, இந்த இசையில் காசு எண்ணினது ஆரம்பத்திலிருந்தே பெண்கள். 1943-லிருந்து 46 வரை மன்றோ குழுவில் அக்கார்டியன் வாசித்த சாலி ஆன் ஃபாரஸ்டர்தான் நிகழ்ச்சிகளில் டிக்கெட் காசையும் பார்த்துக்கிட்டாங்க. ஃபிளாட்–ஸ்க்ரக்ஸ் குழுவோட தேதி, ஒப்பந்தம், விளம்பரம் எல்லாம் ஏர்லோட மனைவி லூயிஸ் ஸ்க்ரக்ஸ் கையில். நாஷ்வில்லில் அந்த வேலைக்கு அப்போ பெண்களே கிடையாது. மன்றோவோட 1950கள் பதிவுகளில் பாஸ் வாசித்தது பெஸ்ஸி லீ மால்டின். ஹேசல் டிக்கன்ஸும் ஆலிஸ் ஜெரார்டும் சேர்ந்து முதல் இசைத்தட்டு போட்டது 1965. ஆனா புளூகிராஸ் சங்கத்தோட ஆண்டின் சிறந்த கிடார் கலைஞர் விருது ஒரு பெண்ணுக்கு முதல்முறையா கிடைச்சது 2017-ல், மாலி டட்டிலுக்கு. நடுவில் எத்தனை வருஷம்னு நீங்களே கணக்கு போட்டுக்குங்க.

#9 டொரோண்டோகிழவன்

உங்கடை கதையளை எல்லாம் வாசிச்சுக்கொண்டு இருக்கிறன். என்ரை மருமகன் கனடாவிலை ஒரு புளூகிராஸ் குழுவுக்குப் பாஸ் வாசிக்கிறவன். அதாலை எல்லைக் கதை கொஞ்சம் எனக்குத் தெரியும்.

இஞ்சையிருந்து அமெரிக்காவுக்குப் போய்ச் சம்பளத்துக்கு வாசிக்கிறதெண்டால் பி (P) அல்லது ஓ (O) வகை அனுமதி வேணும். மாசக்கணக்கிலை முன்னுக்கே விண்ணப்பிக்க வேணும், ஒப்பந்தக் கடதாசியளும் காட்ட வேணும். நல்ல விழாவிலை ஆரோ கடைசி நேரம் விலகி, இடம் கிடைச்சாலும் போகேலாது. வாகனத்துக்குள்ளை இருக்கிற கருவியளுக்குப் பட்டியல், தொடரெண்ணோடை. விக்கக் கொண்டுபோற சிடிக்கும் உடுப்புக்கும் வேறை பட்டியல்.

பிளேனிலை போறதெண்டால் அது வேறை தலையிடி. அமெரிக்காவிலை 2012-இலை சட்டம் போட்டு, 2015-இலை விதியும் வந்திட்டுது: சின்னக் கருவியளை, மேலை பெட்டி வைக்கிற இடத்திலை இடமிருந்தால் உள்ளுக்குக் கொண்டுபோகலாம். ஃபிடில்காரர், மாண்டலின்காரருக்குப் பிரச்சினை தீர்ந்துது. பாஸ்காரனுக்கு என்ன? கழுத்தைக் கழட்டிப் பெட்டிக்குள்ளை வைக்கிற மாதிரி பாஸ் இருக்கு, விலை கேட்டால் மயக்கம் வரும். இல்லாட்டில் போற ஊரிலை ஆரிட்டையும் இரவல் வாங்க வேணும். மருமகன் ஒருக்கா இரவல் பாஸிலை வாசிச்சிட்டு வந்து விரலைக் காட்டினவன். தந்தி உயரம் அப்பிடி.

பழைய மார்ட்டின் கிடார் வைச்சிருக்கிறவைக்கு இன்னொரு தொல்லை. 1992-இலையிருந்து பிரேசில் ரோஸ்வுட் உலக வணிகத் தடைப் பட்டியலிலை முதல் நிரையிலை இருக்கு. அந்த மரத்திலை செய்த கிடாரோடை எல்லை தாண்ட அனுமதிப் பத்திரம் வேணும். தாத்தாவின்ரை கிடார் எண்டு சொன்னால் அதிகாரி விடமாட்டார்.

#10 கூடலூரான்

இந்த இடத்தில் ஒரு சின்னக் குறுக்கீடு. பிரேசில் மரம் கிடைப்பது கடினமானதும் மார்ட்டின் நிறுவனம் 1969 வாக்கில் மாறியது எதற்கு? இந்திய ரோஸ்வுட்டுக்கு. அதாவது நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம். புளூகிராஸ்காரர்கள் உயிராக வைத்திருக்கும் டி-28 கிடாரின் முதுகும் பக்கமும் அரை நூற்றாண்டாகப் பெரும்பாலும் இதுதான். எங்கள் வீட்டுப் பழைய கதவும் ஈட்டிதான். தட்டிப் பார்த்தால் மணி மாதிரி ஒலி வரும். அதை வெட்டுவதென்றால் சொந்தப் பட்டா நிலமாக இருந்தாலும் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. குறுக்கீடு முடிந்தது, தொடருங்கள்.

#11 மின்தந்தி

ஒற்றை மைக் புராணம் போதும் சாமி. முந்நூறு பேர் அமைதியா உட்கார்ந்து கேட்கற அரங்கத்தில் அது சரி. திறந்தவெளியில் ஐயாயிரம் பேர், காத்து, பக்கத்து மேடையில் இன்னொரு குழு. மைக்கை ஏத்தினா ஊளையிடும், இறக்கினா மூணாவது வரிசைக்கு மேல கேட்காது.

ஆஸ்போர்ன் சகோதரர்கள் 1960களின் கடைசியில் கருவிகளில் பிக்கப் (தந்தி ஒலியை மின் ஒலியா மாத்தற கருவி) மாட்டினாங்க. சுத்தவாதிகள் திட்டித் தீர்த்தாங்க. அவங்க சொன்ன காரணம் நியாயமானது: ஒரே மேடையில் முன்னாலயும் பின்னாலயும் மின்கிடார் கன்ட்ரி குழுக்கள் வாசிக்கும்போது எங்க பாஞ்சோ யாருக்கும் கேட்கலை. இன்னைக்கு புளூகிராஸ் கிடார்காரர் பில்லி ஸ்ட்ரிங்ஸ் பெரிய உள்விளையாட்டு அரங்கங்களை நிரப்பறார். பிக்கப், காலடியில் எஃபெக்ட் பெடல்கள், காதில் மானிட்டர். டிரம்ஸ் மட்டும் இன்னும் இல்லை. அவரை ஒற்றை மைக் முன்னால நிறுத்துங்க பார்ப்போம்.

#12 பழையவானொலி

மின்தந்தி, 1990களில் டெல் மக்கூரி குழு என்ன செய்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆளுக்கொரு மைக் என்பது அதற்குள் வழக்கமாகிவிட்டிருந்தது. அதை விட்டு ஒற்றை மைக்குக்குத் திரும்பினார்கள்; பழமைப் பாசம் மட்டும் காரணமல்ல, ஒருவரையொருவர் கேட்க முடிந்தது. அவர்களைப் பார்த்துப் பல இளைய குழுக்கள் மாறின. நரி பார்த்த குழுவும் அந்த வழியில் வந்ததாகத்தான் இருக்கும்.

#13 சந்தேகி

மக்கூரியின் பெயர் வந்ததால் நரியின் இரண்டாவது கேள்விக்கும் வருகிறேன், யாரும் பதில் சொல்லவில்லை. 1963-ல் மன்றோ குழுவில் பாடியவர் அவர். அப்படிப்பட்ட குரல் பிறகு பென்சில்வேனியாவில் பல வருடம் மரம் வெட்டும் வேலை செய்துகொண்டுதான் பாடியது. நாஷ்வில்லுக்குக் குடிபெயர்ந்தது 1992-ல், ஐம்பது வயதைத் தாண்டி, மகன்கள் ரானியும் ராபும் குழுவில் வளர்ந்த பிறகு. கட்டுப்படியாகிறதா என்றால், பெரும்பாலானவர்களுக்கு இல்லை என்பதே பதில்.

இந்த இசையை 1950களின் நடுவில் ராக் அண்ட் ரோல் கிட்டத்தட்டத் தெருவில் விட்டது. மீட்டது விழாக்கள். 1965-ல் கார்ல்டன் ஹேனி வர்ஜீனியாவின் ஃபின்காசிலில் தொழிலாளர் தின வார இறுதியில் மூன்று நாள் புளூகிராஸ் விழா நடத்தினார். 1967-ல் மன்றோ இண்டியானாவின் பீன் பிளாசமில் தன் சொந்த இடத்திலேயே தொடங்கினார். அதன் பிறகுதான் ஒரே இடத்தில் மூன்று நாள் தங்கி, பகலில் ஒன்று இரவில் ஒன்று என்று வாசித்து, மேஜை போட்டுத் தட்டு விற்று, கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. கோடை முழுக்க ஓடினால் குளிர்காலத்தைத் தள்ளலாம். இன்றைக்கும் சின்னக் குழுக்களின் கணக்கு அதே. பேசிய தொகை டீசலுக்கும் மோட்டலுக்கும் போகும். கையில் நிற்பது மேஜையில் விற்கிற சிடியும் டி-ஷர்ட்டும். அதனால்தான் ஸ்ட்ரீமிங் காலத்திலும் சிடி அச்சடிக்கிறார்கள்.

#14 ஒலிமேடை

சந்தேகி சொன்ன சிடி கணக்கு ஸ்டுடியோவுக்கும் வந்து சேருது. காசு அவங்களோடது, கம்பெனி காசு இல்லை. நாள் வாடகைக்கு ஸ்டுடியோ எடுத்தா மணிக்கணக்கு தலைக்குள்ள ஓடும். அதனால பயம். பயத்தில் பத்திரமான வழியைத் தேர்ந்தெடுக்கறாங்க: தனி அறை, கிளிக், திருத்தம்.

நான் பார்த்த வரைக்கும், விழாக் காலம் முடிஞ்சு அக்டோபர், நவம்பரில் வர்ற குழுதான் நல்லாப் பதிவு பண்ணும். கோடை முழுக்க அந்தப் பாட்டுகளை ஜனங்க முன்னால வாசிச்சுப் பழகியிருப்பாங்க. எந்த வரியில் கூட்டம் நிமிர்ந்து உட்காருதுன்னு அவங்களுக்குத் தெரியும். அவங்களை வட்டமா நிற்க வைக்கலாம். ஒருத்தரையொருத்தர் கண்ணால பார்க்கணும், அது முக்கியம். முடிவு நெருங்கும்போது கிடார்காரர் புருவத்தைத் தூக்கினா போதும். நடுநடுவில் இடுப்பு உயர தடுப்புப் பலகை, ஹெட்போன் கிடையாது, கிளிக் கிடையாது. மூணு டேக், அதில் ஒன்னைத் தேர்ந்தெடு. பிப்ரவரியில் பாட்டு வரிகளை ஃபோனில் பார்த்துக்கிட்டு வர்ற குழுவை இப்படி நிற்க வச்சா விடியற வரைக்கும் முடியாது. அவங்களுக்கு தனி அறைதான்.

இதுக்குப் பெரிய உதாரணம் 1971 ஆகஸ்ட். நிட்டி கிரிட்டி டர்ட் பேண்ட் என்ற கலிபோர்னியா இளைஞர்கள் நாஷ்வில்லின் உட்லண்ட் ஸ்டுடியோவில் மேபெல் கார்ட்டர், டாக் வாட்சன், ஸ்க்ரக்ஸ், ஜிம்மி மார்ட்டின் மாதிரி மூத்த கலைஞர்களை உட்கார வச்சு ஆறு நாளில் மூணு தட்டுக்குப் பதிவு பண்ணினாங்க. நேரடியா ரெண்டு தடத்தில், பின்னால சேர்க்கறது எதுவும் இல்லாம. பாட்டுக்கு நடுவில் பேசினதையும் அப்படியே விட்டாங்க. டாக் வாட்சனும் இன்னொரு கிடார்காரர் மெர்ல் டிராவிஸும் முதல்முறையா சந்திச்சுப் பேசறது அதில் இருக்கு. மன்றோவைக் கூப்பிட்டாங்க, அவர் வரலை. அந்த ஆளுங்க ஆயிரக்கணக்கான மேடை பார்த்தவங்க, அதனால ஆறு நாள் போதுமா இருந்தது. ஸ்டுடியோவோட சாமர்த்தியம் அதில் கம்மிதான்.

கிளிக்கை ஒரேயடியா வைய மாட்டேன். வேகமான பாட்டில் முடிவுக்கு வரும்போது கன்னாபின்னான்னு ஓடற குழுக்களும் உண்டு. மேடையில் அது உற்சாகம். வீட்டில் பத்தாவது தடவை கேட்கும்போது எரிச்சலா இருக்கும்.

#15 மின்தந்தி

ஆக, கடைசியில் கிளிக் சரின்னு ஒத்துக்கிட்டாச்சு.

#16 ஒலிமேடை

முழுசாப் படிங்க.

#17 நெடுஞ்சாலைநரி

எல்லாருக்கும் நன்றி. அந்த சிடியை மறுபடி கேட்டேன். ஹெட்போனில் கேட்டால் ஒவ்வொருவரும் வெவ்வேறு அறையில் இருப்பது இப்போது தெரிகிறது, இனிமேல் கேட்காமல் இருக்க முடியாது போல. ஒரு கேள்வி. எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை ஒரு வீட்டில் ஜாம் (கூடி உட்கார்ந்து வாசிப்பது) நடக்கும், நானும் கிடாரில் கார்டு பிடிக்கிறேன். ஒரே மைக் வைத்துப் பதிவு செய்ய ஆசை. எப்படி வைப்பது?

#18 ஒலிமேடை

பெரிய டயஃபிராம் கண்டென்சர் மைக் ஒன்னு போதும், விலை உயர்ந்தது வேண்டாம். கம்பளம் விரிச்ச அறை, சன்னலுக்குத் திரை. ஃப்ரிட்ஜை அணைச்சுடுங்க, முடிஞ்சதும் மறக்காம போடுங்க. மைக்கை பாடறவர் தாடை உயரத்துக்கு வச்சு, லேசா கீழே சாய்ச்சு விடுங்க, அப்போ குரலும் கிடாரும் சேர்ந்து வரும். பாடறவர் ஒரு அடி தூரத்தில். மாண்டலினும் ஃபிடிலும் பக்கவாட்டில், தனியா வாசிக்கும்போது மட்டும் உள்ளே. பாஸ் நேர் பின்னால, ஆனா மூலையில் வேண்டாம், உறுமும். முதலில் ஒரு பாட்டு பதிவு பண்ணி எல்லாரும் சேர்ந்து கேளுங்க, யார் எங்கே நகரணும்னு அவங்களே சொல்லிடுவாங்க. ஒருத்தரும் தன் குறையைச் சொல்ல மாட்டாங்க, அடுத்தவர் குறையைச் சொல்வாங்க, அதையே குறிச்சுக்குங்க.

பாஞ்சோக்காரரை நீங்க நினைக்கற இடத்திலிருந்து இன்னும் ரெண்டு அடி பின்னால நிறுத்துங்க. கோவிச்சுக்குவார்.

#19 வில்லும்வேனும்

மூணு அடி.